அரங்கநாதன் கோழிக்குப் போட்ட தீர்மானம்

நம் ஊர்களில் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தையல் கடை, வெயிலில் கிடக்கும் நாய்கள் இவற்றோடு கட்டாயம் ஒரு ரூல்காரரும் இருப்பார். ரூல்காரர் என்றதும் வக்கீலோ போலீஸோ என்று நினைத்துவிடாதீர்கள். வக்கீலுக்குச் சட்டம் தெரியும். போலீஸுக்கு லத்தி தெரியும். ரூல்காரருக்கு இரண்டும் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஒரு ரூல் எங்கேயோ இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அது என்ன ரூல், யார் போட்டது, எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால், "இருக்குதுங்க" என்பார். கடவுளைப் பற்றிக்கூட நாம் அவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

அவரை அடையாளம் கண்டுகொள்வது எளிது. பஸ்ஸில் ஏறியதும் தனக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். 'மகளிர்' என்று எழுதிய இருக்கையில் எந்த ஆம்பளை உட்கார்ந்திருக்கிறான் என்று பார்ப்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்கு முன்னால் பாயசத்தில் கை வைத்துவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வங்கியில் வரிசையே இல்லாத நாளிலும் வரிசை எங்கிருந்து தொடங்குகிறது என்று விசாரிப்பார். சாவு வீட்டுக்குப் போனால், மாலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அழுதுகொண்டிருப்பவர்களைத் திருத்துவார். அத்தனையும் பொதுநலம். ஒரு பைசா ஆதாயம் கிடையாது. கோபம்கூடக் கிடையாது. புன்சிரிப்போடுதான் சொல்வார்: "தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குதே!"

இந்த வாக்கியத்தில் 'ஆனா'வுக்கு முந்திய பாதி பொய். பிந்திய பாதி என்னவென்று அவருக்கே தெரியாது.

இந்த இனத்தில் நான் மிக அருகிலிருந்து பார்த்தவர் அரங்கநாதன். திண்டிவனத்தில் ஏரிப் பக்கம் எங்கள் நகர் இருக்கிறது. நகர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்; வேர்க்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லையைப் பிளாட் போட்டு, நட்ட நடுவில் ஒரு பெயர்ப் பலகை வைத்தால் அது நகர். பத்திரப் பதிவு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற அரங்கநாதன், முதலில் வீடு கட்டி வந்தவர்களில் ஒருவர். குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிரந்தரச் செயலாளரும் அவரே. எதிர்வீட்டில் குடியிருந்த எனக்கு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் போதும், ரேடியோ வேண்டியதில்லை.

வெளியே இப்படி என்றால் வீட்டுக்குள் எப்படி? அவர் மனைவி தையல்நாயகியைக் கேட்க வேண்டும். செருப்பின் மூக்கு தெருவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். செய்தித்தாளை அவர் பிரிப்பதற்கு முன்னால் யாரும் பிரிக்கக் கூடாது. குழாயை இரண்டு விரலால் திருக வேண்டும்; மூன்று விரலால் திருகினால் வாஷர் போய்விடும். அந்த அம்மாள் எதற்கும் எதிர்த்துப் பேசியதில்லை. "ஆவட்டுங்க" என்று சொல்லிவிட்டு, தான் நினைத்ததைச் செய்துகொண்டிருப்பார். குடும்பம் அமைதியாக நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து மனையில் வீடு கட்டிக்கொண்டு இருதயமேரி வந்து சேர்ந்தார். முகையூர்ப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணவருக்குப் பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை என்பதால் வீட்டில் அவர் குரல்தான் அதிகம் கேட்கும். சாமான் வந்த அன்றைக்கு அரங்கநாதன் தன் கேட்டருகே நின்று ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். ரூல்காரர்கள் பக்கத்து வீட்டுச் சாமானை இறக்குமதி அதிகாரியைப் போலத்தான் பார்ப்பார்கள். பீரோ இறங்கியது. கட்டில் இறங்கியது. மாதா படம் இறங்கியது. கடைசியாக ஒரு பெரிய கம்பிக் கூடை இறங்கியது. கூடைக்குள்ளிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி, புது ஊரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு கூவு கூவியது.

"டீச்சர், இதுங்க இன்னாத்துக்கு?" என்றார் அரங்கநாதன்.

"முட்டைக்குங்க சார்."

"அது தெரியுது. இங்கயே வச்சிக்கப் போறீங்களா?"

"பின்ன, கோழிங்களுக்கு மட்டும் தனியா வாடகைக்கு வூடு பாக்கவா சார்?"

கணக்கு டீச்சரிடம் கேள்வி கேட்பதில் உள்ள ஆபத்து அவருக்கு அன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. "தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா குடியிருப்புப் பகுதியில கோழி வளக்குறதுக்கு ரூல் இருக்குது" என்றார்.

"இன்னா ரூலுங்க சார்?"

"இருக்குதும்மா."

"இருந்தா சொல்லுங்க. நாங்க ரூல்படியே வளத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு டீச்சர் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று தொடங்கியது. சேவல் விடியுமுன் கூவியது. அரங்கநாதன் விடிந்ததும் கூவினார். கோழி மதில்மேல் ஏறினால் ஒரு ஆட்சேபணை, இறங்கினால் ஒரு ஆட்சேபணை. செவலை நிறத்தில் ஒரு கோழி இருந்தது. அதற்கு மட்டும் எல்லைச் சுவர் என்பது உட்காருவதற்காகக் கட்டப்பட்ட பொருள் என்று எண்ணம். அவர் "ஹேய்" என்றால் மற்றக் கோழிகள் ஓடும். செவலை ஓடாது. தலையைச் சாய்த்து, 'இன்னா ரூல்?' என்று கேட்பதுபோல் ஒரு கண்ணால் பார்க்கும்.

இதற்கிடையில் மதிலின் பின்பக்கமாக வேறொரு போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை டீச்சர் ஒரு கிண்ணத்தில் முட்டை கொடுப்பார். அதே கிண்ணத்தில் தையல்நாயகி கேப்பை அடையோ வற்றலோ திருப்பிக் கொடுப்பார். அந்த முட்டையில் போட்ட ஆம்லெட்டை அரங்கநாதன் நன்றாகவே சாப்பிட்டார். "கடை முட்டை மாதிரி இல்ல, மஞ்சக்கரு நல்லாருக்குது" என்றுகூடச் சொன்னதாகக் கேள்வி. கோழிக்குத்தான் ரூல். ஆம்லெட்டுக்கு ரூல் கிடையாது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடக்கத்தில், வடக்கே எங்கேயோ கோழிகளுக்குக் காய்ச்சல் வந்திருப்பதாகச் செய்தித்தாள்கள் எழுதின. திண்டிவனத்தில் ஒரு கோழியும் தும்மவில்லை. ஆனால் செய்தித்தாளை முதலில் பிரிக்கும் உரிமை யாரிடம் இருந்தது? அரங்கநாதன் அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே சங்கக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

கூட்டம் செல்வகுமாரின் ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்தது. செல்வகுமார்தான் தலைவர். அவருடைய மாடியில் மின்விசிறியும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்ததால் அவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தோம். அரங்கநாதன் எழுந்து நின்று கோழியால் மனித குலத்துக்கு வரவிருக்கும் கேடுகளை விளக்கினார். அவர் பேசப் பேச, முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்கள். முந்தின நாள் மத்தியானம்தான் அவர்கள் வீட்டில் கோழிக் குழம்பு.

இருதயமேரி எழுந்தார். "சார், என் கோழிங்க ரோட்ல மேயுது. செல்வகுமாரு சார் கடை வாசல்ல நிக்குது. உங்க மதில் மேலயும் உக்காருது. அப்ப அதுங்கள வளக்குறது யாரு? நானா, ரோடா, நீங்களா?"

இப்படி ஒரு கேள்விக்காகவே பிறந்தவர்போல அரங்கநாதன் முகம் மலர்ந்தது. அந்த இடத்திலேயே ஒரு வாசகத்தைச் சேர்த்தார். பத்திரப் பதிவில் இத்தனை வருஷம் இருந்தவர் அல்லவா? வாசகம் வழுவழுவென்று வந்து விழுந்தது: "எந்த வீட்டு வளாகத்தினுள் கோழி தங்கி முட்டையிடுகிறதோ, அந்த வீட்டின் உரிமையாளரே அக்கோழியை வளர்ப்பவராகக் கருதப்படுவார்."

"கருதப்படுவார்" என்ற சொல் வந்ததும் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சூடாகப் பஜ்ஜியும் வந்தது. கைகள் உயர்ந்தன; பாதி தீர்மானத்துக்கு, பாதி பஜ்ஜிக்கு. நகர் எல்லைக்குள் கோழி, ஆடு, மாடு, இதர கால்நடை எதுவும் வளர்க்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். நிறைவேறியது.

டீச்சர் சண்டை போடவில்லை. புது வீடு, பாதி நேரம் தனியாக இருக்கிற பொம்பளை, தெருவே ஒரு பக்கம். சனிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, கோழிகளைக் கூடையில் அடைத்து முகையூரில் தம்பி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். சேவலைப் பிடித்தார். மற்றக் கோழிகளையும் பிடித்தார். செவலையை மட்டும் காணவில்லை. "ப்பா, ப்பா, ப்பா" என்று தெரு முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். சாக்கடையில் பார்த்தார், காலி மனையில் முள்ளுக்குள் பார்த்தார், என் வீட்டுக் குளியலறை வரைக்கும் வந்து பார்த்தார். இல்லை. கடைசியில் மதிலருகே போய் நின்றார். அவர் கண் சிவந்திருந்தது.

"சார், என் செவலையப் பாத்தீங்களா?"

"நான் எதுக்கும்மா பாக்கணும்? தீர்மானப்படி அது இங்க இருக்கவே கூடாதே."

"இருக்கக் கூடாதுன்றது வேற சார். காணாமப் போறது வேற. அது இன்னா ஆச்சின்னு உங்க மனசாட்சிக்குத் தெரியும்."

இவ்வளவுதான் அவர் சொன்னார். மீதியைத் தெரு சொல்லிக்கொண்டது. டீக்கடையில் ஒருவர், "ஞாயித்துக்கெழம சாரு வூட்டுப் பக்கம் குருமா வாசனை வந்துச்சே" என்றார். இன்னொருவர், "ரூல் பேசறவங்களுக்குத்தாம்பா பசி ஜாஸ்தி" என்றார். அரங்கநாதன் கடைக்குப் போனால் பேச்சு நின்றது. திரும்பினால் முதுகுக்குப் பின்னால் யாரோ மெதுவாகக் கொக்கரித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரங்கநாதன் அலுவலகத்துக் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்தவரில்லை. சட்டையில் குத்தியபடி ஒன்று வந்துவிட்டால் மறுநாள் திருப்பிக் கொண்டுபோய் வைப்பவர். ரூல்காரர்களில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால்தான் அவர்களைச் சகித்துக்கொள்வது அவ்வளவு கஷ்டம். கோழி திருடினார் என்ற பேச்சு அவரை உண்மையிலேயே உடைத்துவிட்டது. சாயங்கால நடையை விட்டார். சாப்பாடு குறைந்தது.

"நாயகி, நான் அந்த மாதிரி பண்றவனா?" என்று மனைவியிடம் கேட்டார்.

தையல்நாயகி தொண்டையைச் செருமினார். "சேச்சே" என்றார். உடனே பின்கட்டுப் பக்கம் ஏதோ வேலையிருப்பதாகப் போய்விட்டார்.

பின்கட்டில் வேலை இருக்கத்தான் செய்தது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு சார்ப்பு. உடைந்த கட்டில், காலி டின்கள், ஓடாத ஏர்கூலர் எல்லாம் அங்கே கிடந்தன. எப்போதோ ஒரு தேளைப் பார்த்ததிலிருந்து அரங்கநாதன் அந்தப் பக்கமே போவதில்லை. அந்த ஏர்கூலரின் வயிற்றுக்குள், பழைய சாக்கின்மேல், செவலை சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்பே ரகசியமாக அங்கே முட்டையிடத் தொடங்கி, சரியாக டீச்சர் கூடையோடு கிளம்பிய நேரத்தில் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. தையல்நாயகி நொய்யரிசியும் தண்ணீரும் வைத்துக்கொண்டிருந்தார். டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோழி முகையூர் பஸ் ஏறும், முட்டையெல்லாம் வீணாகும். கணவரிடம் சொல்லவே முடியாது. குஞ்சு பொரித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதற்கான விலையையும் கொடுத்தார். டீச்சர் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பின்மதிலில் கிண்ணப் போக்குவரத்து நின்றுபோனது. ஒரு பக்கம் புருஷன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு பக்கம் சிநேகிதி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். நடுவில் ஏர்கூலருக்குள் கோழி.

அரங்கநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. ரூல்காரருக்கு மனசு உடைந்தால் மருந்து எது? மனு. நகராட்சிக்கு ஒரு மனு எழுதினார். எங்கள் தெருவில் கோழி எதுவும் இல்லை என்பதை அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து ஊர்ஜிதம் செய்ய வேண்டும். எல்லா வீடுகளையும் பார்க்க வேண்டும். மனுதாரர் வீட்டையும் விட்டுவிடக் கூடாது. அதிகாரி வாயால் 'இல்லை' என்று வந்துவிட்டால் தெரு வாய் அடைந்துவிடும் அல்லவா?

சுகாதார ஆய்வாளர் தாண்டவராயன் ஒரு காலையில் மொபெட்டில் வந்து இறங்கினார். எங்கேயோ சாக்கடை அடைத்துக்கொண்டதைப் பார்க்கக் கிளம்பியவரை மேலதிகாரி இங்கே திருப்பிவிட்டிருந்தார். இல்லாத கோழியைப் பார்க்க வந்திருக்கிறோம் என்பது தெரிந்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. செல்வகுமார் தலைவர் என்ற முறையில் தீர்மானத்தின் ஜெராக்ஸோடு வந்தார். நான் வேலையில்லாத முறையில் போனேன்.

முதலில் டீச்சர் வீடு. காலிக் கூடையைக் காட்டி, "நல்லா பாத்துக்குங்க சார். ஒரு எறகுகூட இல்ல" என்றார் இருதயமேரி. ஆய்வாளர் தலையாட்டிவிட்டு மொபெட்டைப் பார்த்து நடந்தார்.

"சார், என் வூட்டையும் பாத்துடணும்" என்றார் அரங்கநாதன். எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே சொன்னார். "ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"எதுக்குங்க? சாருக்குக் காப்பி ஆறிடும்" என்றார் தையல்நாயகி.

"காப்பி அப்புறம். பின்கட்டு வரைக்கும் பாக்கட்டும்."

"பின்கட்ல தேளு இருக்குதுங்க."

"இருக்கட்டும். அதிகாரி பாக்கட்டும்!"

அந்தக் கணத்தில் அவரைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது. நிமிர்ந்த நெஞ்சோடு முன்னால் நடந்தார். பின்னால் ஆய்வாளர், அவருக்குப் பின்னால் செல்வகுமார், நான். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சர் கல்மேல் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சார்ப்புக்குக் கிட்டே போனதும் உள்ளிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

ஆய்வாளர் நின்றார். "உள்ள இன்னா சார், மோட்டாரு ஓடுதா?"

"அது ரிப்பேரான கூலருங்க. ஓடாது."

"ஓடுதே!"

ஆய்வாளர் குனிந்து மூடியைத் தூக்கினார். உடம்பெல்லாம் சிலிர்த்து, இரண்டு கோழி அளவுக்கு உப்பி, செவலை அவரை முறைத்தது.

"ஐயோ, என் செவலை!" என்று மதில்மேலிருந்து ஒரு அலறல். "சார், ஊருக்கெல்லாம் ரூல் பேசிக்கினு, என் கோழியத் திருடி அடை வச்சிருக்கீங்களே, இது நியாயமா?"

அரங்கநாதன் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் விழுந்துவிடுவாரோ என்று நான் கையை நீட்டினேன்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர்" என்று முன்னால் வந்தார் தையல்நாயகி. "அதுவா வந்துச்சு, அதுவா உக்காந்துச்சு. நான்தான் தீனி வச்சிக்கினு இருக்கேன். உங்ககிட்ட சொல்லாதது தப்புதான். சொன்னா தூக்கிக்கினு பூடுவீங்களேன்னு பயந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, கணவரைப் பார்க்காமல், கோழியைப் பார்த்துச் சொன்னார்: "இந்த வூட்டுக்குள்ள யாரையும் ஒரு வார்த்தை கேக்காம, தன் இஷ்டத்துக்கு வந்து உக்காந்தது இது ஒண்ணுதான். எனக்கு அது புடிச்சிருந்துச்சு."

செல்வகுமார் கையிலிருந்த ஜெராக்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலைவர் பதவியில் அவர் செய்த ஒரே காரியம் அன்று செய்ததுதான். "'எந்த வீட்டு வளாகத்தினுள் கோழி தங்கி முட்டையிடுகிறதோ, அந்த வீட்டின் உரிமையாளரே...' சார், இதுப்படி பாத்தா கோழி வளக்குறது நீங்கதான்."

ஆய்வாளர் தலையைச் சொறிந்தார். "கம்ப்ளெயிண்ட் குடுத்தது யாரு?"

"நான்தாங்க" என்றார் அரங்கநாதன், காற்றுப்போன குரலில்.

"கோழி யாரு வூட்ல இருக்குது?"

"என்... வூட்லதாங்க."

"அப்ப நான் யாருக்கு நோட்டீஸ் குடுக்கறது? பெரிய பேஜாரா கீதே!" தாண்டவராயன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இங்க பாருங்க சார். எனக்குத் தெரிஞ்சி, வூட்டுக்கு நாலு கோழி வச்சிக்கினா நாங்க ஒண்ணும் கேக்கறதில்ல. நாத்தம், அசிங்கம், பக்கத்து வூட்டுக்குத் தொந்தரவு, இதெல்லாம் இருக்கக் கூடாது, அவ்ளோதான். கோழி சொணங்கிச்சின்னா கால்நடை ஆஸ்பத்திரிக்கிச் சொல்லுங்க. உங்க சங்கத்துத் தீர்மானம் உங்க தலைவலி. அம்மா, அந்தக் காப்பி இருக்குதா?"

காப்பியைக் குடித்துவிட்டு அவர் சாக்கடையைப் பார்க்கச் சந்தோஷமாகப் போய்விட்டார்.

டீச்சர் இறங்கி இந்தப் பக்கம் வந்தார். கோபம் பாதிக்குமேல் வடிந்திருந்தது. "செவலைய கூடையோட எடுத்துக்கினு போறேன். உங்களுக்கு எதுக்கு சங்கடம்?" என்றார்.

"இப்ப எடுத்தா அடை கலைஞ்சிடும் டீச்சர். எல்லாம் கூமுட்டையாப் பூடும்" என்றார் தையல்நாயகி.

எல்லோரும் அரங்கநாதனைப் பார்த்தோம். அவர் கோழியைப் பார்த்தார். கோழி ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. ஒரு பக்கம் அவரே எழுதிய வாசகம். 'கருதப்படுவார்' வரைக்கும் சொந்தச் சொத்து. இன்னொரு பக்கம், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக எதையோ விரும்பிக் கேட்டு நிற்கிற மனைவி. பாவமாக இருந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது. வாசகத்தைத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார் என்று புரிந்தது. சட்டென்று முகத்தில் ஒரு ஒளி.

"'தங்கி' முட்டையிடுதுன்னுதான எழுதியிருக்கேன்?" என்றார். "இது எங்க தங்கியிருக்குது? பிரசவத்துக்கு வந்திருக்குது. பிரசவத்துக்கு வர்றது குடியிருப்பு ஆகாது. பொண்ணு தாய் வூட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தா ரேஷன் கார்டுல பேரா சேக்கறோம்?"

முதலில் சிரித்தது டீச்சர்தான். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார். "சார், உங்களப் போயி திருடன்னு சொல்லிட்டேனே. மன்னிச்சிடுங்க" என்றார்.

"தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணுமில்லம்மா" என்றார் அரங்கநாதன். இந்த முறை முந்திய பாதியும் உண்மைபோலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை நான் வாசலில் உட்கார்ந்தே கேட்டேன். சிலிண்டர்க்காரர் சிலிண்டரை 'டங்'கென்று வைக்கக் கூடாது, உள்ளே பிரசவம். குக்கர் இரண்டு விசிலுக்குமேல் அடிக்கக் கூடாது. சார்ப்புக்குள் செருப்போடு போகக் கூடாது. தேளை மறந்து, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கூலருக்கு எதிரே உட்கார்ந்தார். கோழி எப்படி உட்கார வேண்டும் என்பதற்கும் அவரிடம் ஒரு ரூல் இருந்தது. முட்டை ஒன்று வெளியே தெரிகிறது என்று கையால் உள்ளே தள்ளப் போனார். செவலை கொத்தியது. விரலில் கட்டோடு கடைக்கு வந்தவரைப் பார்த்து டீக்கடைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். "பச்ச ஒடம்புக்காரி, கொஞ்சம் கோவம் ஜாஸ்தி" என்றார் அரங்கநாதன்.

பொரித்த அன்று காலையில் அவர் போட்ட சத்தத்தில் தெருவே எழுந்தது. "நாயகி! ஜல்தி வா! டீச்சரையும் கூப்டு!"

டீச்சர் பாதி பின்னிய தலையோடு ஓடிவந்தார். நானும் போனேன். செவலையின் இறக்கைக்கு அடியில் ஒரு முட்டையில் விரிசல். உள்ளிருந்து ஒரு சின்ன மூக்கு, கொத்துவதும் ஓய்வெடுப்பதுமாக இருந்தது. அரங்கநாதன் மூச்சுவிடாமல் குனிந்திருந்தார். ஓடு விலகி, ஈரமாக, பார்க்கச் சகிக்காமல், ஒரு குஞ்சு வெளியே விழுந்தது. விழுந்த உடனே எழுந்து நிற்கப் பார்த்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல பாரு. எங்க ஒடைக்கணும், எப்ப வரணும், எல்லாம் அதுக்கே தெரியுது" என்றார் அரங்கநாதன்.

"எந்த ரூலும் இல்லாமயே" என்றார் தையல்நாயகி.

அரங்கநாதன் எழுந்து, மனைவி உட்காருவதற்கு நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ரூல்காரர் திருந்துவதில்லை, திருத்துவார். அடுத்த ஞாயிறே சிறப்புக் கூட்டம். வீட்டு உபயோகத்துக்கான கோழிகளை நிபந்தனைகளுக்கு உட்பட்டு வளர்க்கலாம் என்று தீர்மானம் திருத்தப்பட்டது. நிபந்தனைகளை வாசித்து முடிப்பதற்குள் பஜ்ஜி இரண்டு சுற்று வந்துவிட்டது. கூட்டை எந்தத் திசையில் வைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது, மழை பெய்தால் கோழி யார் வீட்டில் ஒதுங்கலாம், எல்லாம் இருந்தன. முகையூரிலிருந்து கோழிகள் திரும்பி வந்தன. சேவலும் வந்தது. செவலை மட்டும் கூலரை விட்டுப் போகவில்லை. மதிலில் கிண்ணம் மறுபடி நடமாடத் தொடங்கியது. இப்போது இரண்டு பக்கமிருந்தும் முட்டையே போய் வந்தது. அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. சிநேகிதம் என்றால் அப்படித்தான் போலும்.

அந்த ஆடியில் கோடி வீட்டுக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு இளைஞர் குடிவந்தார். வந்த மூன்றாம் நாளே அரங்கநாதனிடம் போய், சேவல் கூவுவதால் தூங்க முடியவில்லை, இதற்கெல்லாம் ரூல் எதுவும் இல்லையா என்று கேட்டார்.

அரங்கநாதன் அவர் தோளில் கை வைத்தார். "தனிப்பட்ட முறையில எனக்கும் தூக்கம் கெடுதுதான் தம்பி. ஆனா சேவலுக்குன்னு எட்டாவது நிபந்தனை இருக்குது. விடியறதுக்கு முன்னால கூவ அதுக்கு உரிமை உண்டு. வாங்க, படிச்சிக் காட்டறேன்."

அந்தப் பையன் தப்பித்து வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது.

சரி, இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்கள் தெருக்காரர் ஒருவர், அலுவலகத்து நண்பர் ஒருவர், மாமனார் ஒருவர் என்று யாராவது உங்கள் கண்முன் வந்து நின்றிருப்பார்கள். நீங்களும் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் நடுவில் எங்கேயாவது, 'ஒரு சங்கத் தீர்மானத்தைத் திருத்துவதென்றால் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் வர வேண்டுமே, முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டுமே, இவர்கள் பாட்டுக்கு எப்படித் திருத்தினார்கள்?' என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றவில்லை என்றால் கவலையில்லை. போய் வேலையைப் பாருங்கள்.

தோன்றியிருந்தால், வணக்கம். இவ்வளவு நேரம் உங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.